புறவாசலுக்குப் போன மதினி

மத்தியானப் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்த பிறகு என் மதினியை யாரும் கூப்பிடக் கூடாது. அப்படி ஒரு சட்டத்தை யாரும் போடவில்லை. கூப்பிட்டால் வர மாட்டார், அவ்வளவுதான். சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு, "இனி எல்லாம் பொறவுதான்" என்று யாரையும் பார்க்காமல் சொல்லிவிட்டு, புறவாசல் கதவைத் திறந்து வெளியே போய்விடுவார். டீக்குப் பால் வைக்கிற நேரத்துக்குத்தான் திரும்பி வருவார். நடுவில் இருக்கிற அந்த ஒரு மணி நேரத்தில் வீட்டில் என்ன நடந்தாலும் அது எங்கள் பாடு.

மதினி என்றால் என் கணவரின் அக்கா. மராட்டிச் சீமையில், தேஹு ரோட்டில் அவர்கள் கட்டிய வீட்டில், கீழே அவர்களும் மாடியில் நாங்களுமாகப் பல வருஷம் சேர்ந்திருந்தோம். சமையல் ஒன்றுதான், கீழே. அவருடைய கணவரை நான் அண்ணாச்சி என்று கூப்பிடுவேன். ராணுவ டெப்போவில் வேலை பார்த்தவர். ஓய்வுபெற இன்னும் சில வருஷம் இருக்கும்போதே பக்கவாதம் வந்து வலது பக்கம் முழுக்கச் செயலிழந்துவிட்டது. பேச்சும் குழறிப் போனது. அதுவரை பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புகளுக்கு டீச்சராக இருந்த மதினி வேலையை விட்டுவிட்டார். ஒரே மகள் கல்யாணமாகி ஓசூரில் இருந்தாள். என் கணவர் காலையில் போசரிக்கு வேலைக்குப் போனால் இருட்டித்தான் வருவார். நானும் டீச்சர். எங்களுக்கு இரண்டு பிள்ளைகள். இவ்வளவு பேருக்கும் அந்த வீட்டில் ஓடிக்கொண்டிருந்த கால்கள் மதினியுடையவை.

ஓடிக்கொண்டிருந்த என்று எழுதிவிட்டேன். உண்மையில் அவர் வேகமாக நடந்து நான் பார்த்ததில்லை. இரண்டு முட்டியும் தேய்ந்துபோயிருந்தன. ஒவ்வொரு அடிக்கும் பக்கத்தில் இருக்கிற எதையாவது பிடித்துக்கொள்வார். கதவு, மேஜை, ஃப்ரிட்ஜ், என் தோள். ஆனால் நிற்க மாட்டார். அண்ணாச்சியைத் தூக்கி உட்கார வைப்பது, குளிப்பாட்டுவது, துணி மாற்றுவது, ஊட்டுவது, வாயைத் துடைப்பது, துடைத்த துணியை அலசுவது என்று எல்லாம் முடித்து நிமிரும்போது மறுபடி அவரைத் தூக்கி உட்கார வைக்கிற நேரம் வந்திருக்கும்.

கோடை வந்தால் இது இரண்டு மடங்காகும். பிள்ளைகளுக்கு லீவு. தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் வரும். "பாணி ஆலா! பாணி ஆலா!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி என் பிள்ளைகள் மராட்டியில் கத்துவார்கள். தண்ணீர் வந்துவிட்டது என்று தமிழில் கத்த அவர்களுக்கு வராது. உடனே வீட்டில் இருக்கிற வாளி, குடம், குக்கர் எல்லாம் குழாயடிக்குப் போகும். மதினி குனிந்து நிரப்புவார், நான் தூக்குவேன். அரிசி களைந்த தண்ணீர், காய்கறி அலசின தண்ணீர், அண்ணாச்சியைத் துடைத்து மிஞ்சின தண்ணீர் எல்லாம் தனி வாளிகளில் சேரும். அவை செடிகளுக்கு.

புறவாசல் என்று நாங்கள் சொன்னது சமையலறைச் சுவருக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் நடுவே கிடந்த நீளமான மண் துண்டு. அங்கே உடைந்த வாளிகளிலும் பெயிண்ட் டின்களிலும் அண்ணாச்சியின் பழைய ஹெல்மெட்டிலும்கூடச் செடிகள் இருந்தன. கத்தரி, தக்காளி, புதினா, சங்குப்பூ. கயிற்றைப் பிடித்து ஏறிய சுரை. ஒரு கறிவேப்பிலை மரம். மேலே பச்சை வலை கட்டியிருந்தார். ஏப்ரல் மே மாதங்களில் அந்த வலைக்குக் கீழே உட்கார்ந்தால் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்த மாதிரிதான் இருக்கும். அங்கேதான் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு மதினி படம் வரைவார்.

மிட்டாய் டப்பா மூடிகளிலும் புதுச் சட்டைக்குள் வைத்து வருகிற அட்டைகளிலும் வரைவார். என் பிள்ளைகள் பாதி தீர்த்துவிட்டுப் போட்ட வாட்டர் கலர்தான் அவருக்கு வண்ணம். முன்னால் இருக்கிற செடியில் ஒரு இலையையோ காயையோ பார்த்து வரைவார். பூ வரைந்து நான் பார்த்தது குறைவு. புழு அரித்த இலை, வெயிலில் வதங்கிச் சுருண்ட இலை, ஒரு பக்கம் சூம்பிப்போன கத்தரிக்காய். அவர் நன்றாக வரைந்தாரா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. சில படங்கள் என் மகள் வரைந்ததைவிட மோசமாக இருக்கும். சிலவற்றைப் பார்த்தால் அந்த இலையைத் தொட்டால் பொடிந்துவிடும் என்று தோன்றும்.

என் மகள் ஒருமுறை கேட்டாள். "அத்தை, ஏன் ஹோல்ஸ் எல்லாம் போடுறீங்க? நல்ல லீஃப் வரையுங்களேன்."

"இதுல ஓட்ட இருக்கே மக்கா" என்றார் மதினி. அதற்கு மேல் விளக்கம் கிடையாது.

வரைந்து முடித்ததை மறுபடி பார்க்கவும் மாட்டார். காய வைத்து, கட்டிலுக்கு அடியில் இருக்கிற டிரங்குப் பெட்டிக்கு மேல் அடுக்கிவிடுவார். என் கணவர் ஒன்றை எடுத்துக் கண்ணாடிச் சட்டம் போட்டு முன்னறையில் மாட்டினார். மதினி அதைப் பார்த்து, "எதுக்குடே இது? அந்த இலதான் பொறவாசல்ல நிக்கில்லா" என்று கேட்டுவிட்டு, அடுப்பில் எதுவோ தீய்கிறது என்று போய்விட்டார்.

அவரை முதன்முதலாக நான் வெறுத்தது அந்த மண் துண்டில்தான். என் மகன் தெருவில் சைக்கிளிலிருந்து விழுந்து, முட்டியில் ரத்தம் வழிய, நேராகப் புறவாசலுக்கு ஓடினான். அடிபட்டால் அவன் என்னிடம் வர மாட்டான், அத்தையிடம்தான் போவான். மதினி தூரிகையை நிறுத்தாமல் அவன் முட்டியைப் பார்த்தார். "எலும்புல படல. கொழாயில கழுவிட்டு அம்மாட்ட போ. நான் பொறவு வரேன்" என்றார். அவன் நின்றுகொண்டே இருந்தான். அவர் இலைக்குத் திரும்பிவிட்டார். நான் வந்து அவனைத் தூக்கிக்கொண்டு போனேன். படி ஏறும்போது அவன் அழுதது வலியால் இல்லை என்று எனக்குத் தெரிந்தது. என்ன மனுஷி இவர் என்று அன்று முழுக்க மனதுக்குள் பொருமிக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் கீழே இறங்கி வந்தபோது, அவனை மடியில் போட்டுக்கொண்டு, காயத்துக்கு மருந்து தடவி, ஊதிக்கொண்டிருந்தார் மதினி. ஏழு வயதுப் பையன், அவர் முட்டிக்கு அந்தக் கனம் ஆகவே ஆகாது. "பொறவு வரேன்னேம்லா? வந்தேனா இல்லியா?" என்று அவனிடம் கேட்டுக்கொண்டிருந்தார். அவனும் தலையாட்டிக்கொண்டிருந்தான். எனக்குத்தான் ஆறவில்லை.

படம் வரைகிற விஷயம் எப்படியோ சர்ச்சில் தெரிந்துவிட்டது. மே மாதம் பிள்ளைகளுக்கு நடக்கிற விடுமுறை வேதாகமப் பள்ளிக்கு, மேடைக்குப் பின்னால் கட்டுகிற பெரிய துணியில் நோவாவின் பேழை வரைந்து தர வேண்டும் என்று இரண்டு பெண்கள் வீட்டுக்கு வந்து கேட்டார்கள். அதில் ஒருத்தி சென்னையிலிருந்து புதிதாகக் குடிவந்தவள், ஐ.டி.யில் வேலை. மிகவும் மரியாதையாகத்தான் கேட்டாள். "ஆன்ட்டி, உங்க டேலண்ட்டை கர்த்தருக்காக யூஸ் பண்ணுங்களேன்."

மதினி அவர்களுக்கு மாங்காய் ஜூஸ் கலந்துகொண்டிருந்தார். இங்கே பன்ஹா என்பார்கள். கலக்கிக்கொண்டே, "எத்தன பிள்ளைய வரும்?" என்று கேட்டார்.

"ஒரு அறுபது பேர் வருவாங்க ஆன்ட்டி."

"அம்புட்டு பேருக்கும் ஒரு நா மத்தியானச் சாப்பாடு நான் ஆக்கித் தாரேன். படம் கேக்காதிய."

சொன்னபடி ஆக்கினார். தக்காளிச் சாதம், உருளைக்கிழங்கு, அப்பளம். தக்காளியும் வெங்காயமும் நறுக்கி என் கட்டைவிரலில் கொப்புளம் வந்துவிட்டது. பாத்திரங்களை ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டு, அண்ணாச்சிக்கு ஊட்டிவிட்டு, அந்தக் களைப்போடு "இனி எல்லாம் பொறவுதான்" என்று புறவாசலுக்குப் போனார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு வரைந்தார்.

ஒரு படம் வரைந்து கொடுத்திருந்தால் எவ்வளவு சுலபம் என்று அன்றைக்கு என் கணவரிடம் சொன்னேன். அவர், "அக்கா சின்ன வயசுலயே அப்படித்தான்" என்றார். எப்படி என்று அவருக்கும் சொல்லத் தெரியவில்லை.

அண்ணாச்சியின் கட்டில் கம்பியில் ஒரு சைக்கிள் பெல்லைப் பொருத்தியிருந்தோம். பேச்சு குழறியதால் கூப்பிட அது வசதி. இடது கைக் கட்டைவிரலால் அடிப்பார். ஃபேனைக் கூட்ட ஒரு ட்ரிங், குறைக்க ஒரு ட்ரிங். ஜன்னலைத் திறக்க, ஜன்னலை மூட. மூக்கில் உட்கார்ந்த ஈயை விரட்ட. டி.வி.யில் விளம்பரம் வந்துவிட்டது என்று சொல்ல. ஒன்றும் இல்லாமலே சில நேரம் அடிப்பார். போய் நின்றால், சும்மா பார்ப்பார். அதுவும் புரிகிற விஷயம்தான். நாள் முழுக்க ஒரு கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிற மனிதனுக்கு, கூப்பிட்டால் ஒருவர் வருகிறார் என்பதே பெரிய ஆறுதல். மதினி ஒவ்வொரு பெல்லுக்கும் போவார், அந்த ஒரு மணி நேரம் தவிர. அந்த நேரத்தில் பெல் அடித்தால் நான் போவேன். நான் இல்லாவிட்டால் பிள்ளைகள் போவார்கள்.

அந்த மே மாதத்தில் ஒரு நாள் எனக்குப் பரீட்சைத் தாள் திருத்தும் வேலை இருந்ததால் பள்ளிக்கூடம் போயிருந்தேன். பிள்ளைகள் இருவரையும் அவர்கள் சித்தப்பா கோர்படியில் இருக்கிற தன் வீட்டுக்கு முந்தின நாளே கூட்டிப் போயிருந்தார். வீட்டில் அவர்கள் இரண்டு பேர் மட்டும்தான். மதினி புறவாசலில் இருந்தார். அண்ணாச்சி பெல் அடித்திருக்கிறார். நிறைய நேரம் அடித்திருக்கிறார். யாரும் வராமல் போகவே, தானாக எழுந்து பாத்ரூம் போகலாம் என்று கட்டிலிலிருந்து காலை இறக்கியிருக்கிறார்.

பக்கத்து வீட்டு மராட்டி அம்மாளை நாங்கள் காகூ என்று கூப்பிடுவோம். அவர் மொட்டை மாடியில் வற்றல் காய வைத்துக்கொண்டிருந்தார். பெல் சத்தம் நின்றதும், ஏதோ விழுகிற சத்தமும் அவருக்குத்தான் முதலில் உறைத்திருக்கிறது. சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்து, மதினியின் பெயரைச் சொல்லி அலறியிருக்கிறார்.

நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அண்ணாச்சிக்கு நெற்றியில் தையல் போட்டிருந்தார்கள். இடது மணிக்கட்டு முறிந்திருந்தது. அவருக்கு வேலை செய்துகொண்டிருந்த ஒரே கை அது. மதினி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். விரல்களில் பச்சை வண்ணம் காய்ந்திருந்தது. இளம் டாக்டர் ஒருவர் வந்து, எப்படி விழுந்தார், எப்போது விழுந்தார் என்று ஹிந்தியில் கேட்டார். மதினியும் ஹிந்தியிலேயே பதில் சொன்னார். மணி அடித்தார், எனக்குக் கேட்டது, நான் போகவில்லை.

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார். என் கணவர் அப்போதுதான் போசரியிலிருந்து வந்து சேர்ந்திருந்தார். டாக்டர் நகர்ந்ததும் அக்காவின் காதுக்கருகே குனிந்தார்.

"கேக்கலன்னு சொல்லியிருக்கலாம்லாக்கா?"

"கேட்டுச்சே தம்பி" என்றார் மதினி.

அவர் குரலில் அழுகையும் இல்லை, வீம்பும் இல்லை. களைப்பு மட்டும்தான் இருந்தது. எனக்கு அவர் பக்கத்தில் உட்காரத் தோன்றவில்லை. தூணுக்கு இந்தப் பக்கமே நின்றுகொண்டிருந்தேன்.

ஓசூரிலிருந்து மகள் மறுநாளே வந்துவிட்டாள். வந்த வேகத்தில் அம்மாவைப் பிடித்துக்கொண்டாள். "ஒரு மணி நேரம்மா! அந்த ஒரு மணி நேரம் உனக்கு அப்பாவவிடப் பெருசா? கேட்டுச்சுன்னு வேற சொல்லுத! நீ மனுஷிதானா?"

மதினி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். மகள் அழுதாள். பிறகு கட்டிலுக்கடியில் இருந்த அட்டைகளை எல்லாம் எடுத்துப் பரணில் போட்டாள். வண்ணப் பெட்டியையும் போட்டாள். மதினி தடுக்கவில்லை. "அந்த நாற்காலிய மட்டும் உள்ள எடுத்துப் போடு. வெயில்ல வெடிச்சிரும்" என்றார்.

சர்ச்சிலிருந்து ஜெபம் பண்ண வந்தவர்களில் ஒரு அம்மாள், அண்ணாச்சியின் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, "இவங்ககிட்ட நீங்க மன்னிப்புக் கேட்டு ஒப்புரவாகணும் சிஸ்டர். எல்லார் முன்னாலயும் கேட்டா மனசு லேசாகும்" என்றார்.

"அவுகள்ட்ட கேட்டாச்சு" என்றார் மதினி. "ஒங்கள்ட்ட எதுக்குக் கேக்கணும்? நீங்களா விழுந்திய?"

சொல்லிவிட்டு எல்லாருக்கும் டீ போட எழுந்து போனார். அந்த அம்மாள் டீ குடிக்காமலே போய்விட்டார்.

அதன் பிறகு மதினி புறவாசலுக்குப் போகவில்லை. தண்ணீர் ஊற்ற மட்டும் போவார், வருவார். மத்தியானப் பாத்திரம் கழுவியதும் அண்ணாச்சியின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் வந்து உட்கார்ந்துவிடுவார். அண்ணாச்சிக்கு இப்போது பெல் அடிக்கவும் கை இல்லை, கட்டுப் போட்டிருந்தது. அதனால் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். மகள் திருப்தியாக ஓசூருக்குக் கிளம்பிப் போனாள். எல்லாரும் நினைத்தது நடந்துவிட்டது. எனக்கும் அது நிம்மதியாகத்தான் இருந்தது.

ஆனால் மதினியின் கைகள் தடுமாற ஆரம்பித்தன. குழம்பில் இரண்டு தடவை உப்புப் போட்டார். அடுப்பில் பாலை வைத்துவிட்டு அதன் முன்னாலேயே நின்றுகொண்டு அது பொங்கி வழிவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருநாள் அண்ணாச்சிக்குக் காலையில் கொடுத்த ரத்த அழுத்த மாத்திரையை மறுபடி கொடுக்கப் போனார். அண்ணாச்சி பல்லைக் கடித்துக்கொண்டு வாயைத் திறக்க மறுத்ததால் தப்பித்தார். பிள்ளைகளிடம் கத்தாதவர், கத்தினார். சுரைக்கொடி காய்ந்து கயிற்றோடு தொங்கியது, அதை அறுத்துப் போடவும் அவருக்குத் தோன்றவில்லை.

அப்படி ஒரு மத்தியானம், நானும் அவரும் அண்ணாச்சியின் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து ஊறுகாய்க்கு மாங்காய் நறுக்கிக்கொண்டிருந்தோம். அண்ணாச்சி தூங்குகிறார் என்று நினைத்து நான் மெதுவாகக் கேட்டேன். "அன்னிக்கு ஏன் மதினி போகல?"

அவர் கத்தியை நிறுத்தவில்லை. "தெனமும் போயிருக்கேம்லா. ஃபேன கூட்டுன்னா போனேன். கொறன்னா போனேன். ஈக்கும் போனேன். எந்திச்சுப் போயிட்டு வந்தா அந்த எல வேற எலயாயிருது. வெளிச்சம் நகந்துருது. அன்னிக்கு, இந்த ஒருக்கா போகாண்டாம், ஈயாத்தான் இருக்கும்னு இருந்துட்டேன். அன்னிக்குப் பாத்து விழுந்தாவ."

"வருத்தமா இல்லியா?"

"வருத்தம் இல்லாமயா? விழுந்தாவன்னு நெனச்சா நெஞ்சு அடைக்கி." சற்று நேரம் நறுக்கினார். "ஆனா, போகாம இருந்ததுக்கு வருத்தமான்னு நீ கேட்டியன்னா, அது தெரியல எனக்கு. பொய் சொல்லச் சொல்லுதியா?"

நான் அடுத்த மாங்காயை எடுத்தேன்.

அப்போது கட்டிலிலிருந்து சத்தம் வந்தது. அண்ணாச்சி தூங்கியிருக்கவில்லை. "போ" என்றார்.

மதினி எழுந்தார். "என்ன வேணும்? தண்ணியா?"

"போ. வெ... வெளிய போ."

மதினியின் முகம் செத்துவிட்டது. இத்தனை வருஷத்தில் அண்ணாச்சி அவரை ஒரு கடுஞ்சொல் சொல்லி நான் கேட்டதில்லை. மதினி கத்தியைக் கையில் பிடித்தபடியே, "எங்கன போவ? ஓசூருக்கா?" என்று கேட்டார். உண்மையாகவே கேட்டார். அண்ணாச்சிக்கு ஆத்திரம் வந்துவிட்டது. வார்த்தை வரவில்லை. கட்டுப் போட்ட கையைத் தூக்கி, கழுத்தை நீட்டி, சமையலறைப் பக்கம் காட்டினார். "பொ... பொற... பொறவா..." என்று திக்கினார்.

புறவாசல்.

மதினி கத்தியைக் கீழே வைத்தார். பிறகு, "ஒண்ணுக்கு வந்தா?" என்று கேட்டார். அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான், "நான் பாத்துக்கிடுதேன் மதினி" என்றேன். சொன்ன பிறகுதான், அதை நான் சொல்லப்போகிறேன் என்பதே எனக்குத் தெரிந்தது. அதுவரை அண்ணாச்சியை அந்த மாதிரி வேலைக்கு நான் தொட்டது கிடையாது. அவரும் கூச்சத்தில் கண்ணை மூடிக்கொண்டார்.

பரணில் ஏறி வண்ணப் பெட்டியை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். அன்று மதினி வரையவில்லை. காய்ந்த சுரைக்கொடியைக் கயிற்றிலிருந்து பிரித்து எடுத்து, மண்ணைக் கொத்திவிட்டு வந்தார். மறுநாள் வரைந்தார்.

மகளுக்கு இதை யாரும் சொல்லவில்லை. அவள் போன் பண்ணினால், அத்தை குளிக்கிறார் என்று என் பிள்ளைகள் சொல்லக் கற்றுக்கொண்டார்கள்.

அண்ணாச்சி அதன் பிறகு இரண்டு கோடை இருந்தார். மூன்றாவது கோடை தொடங்கும்போது, ஒரு காலை நேரம், மதினி கஞ்சி ஊட்டிக்கொண்டிருக்கும்போதே தலை சாய்ந்துவிட்டது. மதினி அதைப் புரிந்துகொள்ளாமல் இன்னும் ஒரு கரண்டி ஊட்டப் பார்த்தார். அடக்கம் முடிந்து, வந்தவர்கள் எல்லாரும் போன பிறகு, கட்டிலைப் பிரித்து மாடிப்படிக்குக் கீழே வைத்தோம். முன்னறை திடீரென்று பெரிதாகிவிட்டது.

இனி அவர் நாள் முழுக்க வரையலாம் என்று எனக்குத் தோன்றியது. யார் கூப்பிடப்போகிறார்கள்? இத்தனை வருஷமும் பிள்ளைகள் தீர்த்துப்போட்ட வண்ணத்தை வைத்துக் காலம் தள்ளியவர் என்று, பிம்ப்ரி பக்கம் போய்ப் பெரிய வண்ணப் பெட்டி ஒன்றும் கெட்டித் தாளும் வாங்கி வந்து அவர் பக்கத்தில் வைத்தேன். "எதுக்குட்டி இதெல்லாம்?" என்று சொல்லி, தாளைத் தடவிப் பார்த்தார். பிறகு அதைத் தள்ளி வைத்துவிட்டு, தரையில் ஒரு பழைய போர்வையை விரித்துப் படுத்துத் தூங்கினார்.

அன்று தூங்க ஆரம்பித்தவர்தான். எழுந்து பல் துலக்குவார், குளிப்பார், தட்டில் போட்டதைச் சாப்பிடுவார், மறுபடி போர்வைக்குப் போய்விடுவார். காலை, மத்தியானம், சாயங்காலம் என்றில்லாமல் தூங்கினார். ஃபேனுக்குக் கீழே, சிமெண்ட் தரையில், வாயைத் திறந்துகொண்டு. பிள்ளைகள் அவரைத் தாண்டிப் போகும்போது செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போனார்கள். "அத்தைக்கு என்ன ஆச்சு மம்மி?" என்று மகள் பயந்துபோய்க் கேட்டாள். காகூ எலுமிச்சை சர்பத் கொண்டுவந்து வைத்துவிட்டு, மதினியின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார். ஓசூர் மகள் தினமும் போனில் கத்தினாள். இது துக்கம், டிப்ரஷன், உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும் என்றாள். காட்டினோம். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. வயதான லேடி டாக்டர் ஒருவர் கேட்டார், எத்தனை வருஷமாகக் கணவரைப் பார்த்துக்கொண்டார் என்று. சொன்னோம். "அப்படியானால் தூங்கட்டும்" என்றார்.

செடிகளுக்கு நான்தான் தண்ணீர் ஊற்றினேன். எனக்கு அந்தக் கை கிடையாது. புதினா போயிற்று. தக்காளியும் போயிற்று. கறிவேப்பிலை மட்டும் என்னையும் பொருட்படுத்தாமல் நின்றது. ஒருநாள் மத்தியானம் வாளியோடு அந்தப் பச்சை வலைக்குக் கீழே நின்றபோது, வெயில் தாங்காமல் கண் இருட்டிக்கொண்டு வந்தது. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். உடம்பெல்லாம் தூக்கத்துக்கு ஏங்கியது. அப்போதுதான் எனக்கு அது உறைத்தது. அந்த ஒரு மணி நேரத்தில் அவர் தூங்கியிருக்கலாம். யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். அந்த முட்டியோடு, அந்த இடுப்போடு, உள்ளே ஃபேனுக்குக் கீழே ஒரு மணி நேரம் கண்ணை மூடியிருந்தால், பெல் அடித்தபோது கேட்காமலேகூடப் போயிருக்கும். எங்கள் யாருக்கும் அவர் மேல் கோபமும் வந்திருக்காது. அவருக்கு இருந்தது அந்த ஒரு மணி நேரம்தான். அதையும் தூங்காமல், இந்தச் சூட்டில் உட்கார்ந்து, அரித்துப்போன இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனை வருஷத்துத் தூக்கம் அப்படி மிச்சமிருந்ததோ, அதைத்தான் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார்.

அந்த வருஷக் கடைசியில் மகள் வந்து அவரை ஓசூருக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டார். மாடியில் தொட்டி வைத்து ஏதோ வளர்ப்பதாகச் சொன்னார்கள். போன வருஷம் அங்கேயே இறந்துபோனார். நாங்கள் போய்ச் சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது.

மதினியை நினைத்தால் எனக்கு வருவது புறவாசலில் குனிந்து உட்கார்ந்திருக்கிற முதுகு இல்லை. அவர் தூங்கித் தீர்த்த அந்தக் கோடையின் கடைசி நாள்தான். ஜூன் பிறந்து, மேற்கே மலைப் பக்கம் இருட்டிக்கொண்டு வந்து, ராத்திரி முழுக்க மழை கொட்டியிருந்தது. மறுநாள் காலையில் நான் ஈரத் துணிகளை முன்னறைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தேன். மதினி கண்ணைத் திறந்தார். மூக்கை உறிஞ்சினார்.

"மழ பெஞ்சிதோ?"

"நேத்து ராத்திரியே பெஞ்சிட்டு மதினி. நல்ல மழ. ஒங்கள எழுப்பலாம்னு ரெண்டு வாட்டி வந்தேன்."

"எழுப்பலியா?"

"இல்ல."

"நல்ல காரியம் செஞ்ச" என்று சொல்லிவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.